ஜார்ஜ்டவுனில் அறை எடுக்கும் முன்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நம் மாணவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பெயர் பினாங்கு. நாசி கண்டார், செண்டோல், சுவரோவியங்கள் என்று பட்டியல் நீளும். எங்கே தங்குவது என்ற கேள்விக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். கைப்பேசிச் செயலியைத் திறப்பார்கள். குறைந்த விலை மேலே வரும்படி வரிசைப்படுத்துவார்கள். மூன்று படங்களைப் பார்ப்பார்கள். பணம் கட்டிவிடுவார்கள். ஒரு ஜோடிக் காலணி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற நாம், இரண்டு இரவு தலைசாய்க்கப் போகும் இடத்தைப் பற்றி இவ்வளவுதான் யோசிக்கிறோம்.

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுனைப் பொறுத்தவரை இது போதாது என்பது என் கருத்து. அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்கும் அறைக்கும், அந்தத் தெருவில் நாளை யார் குடியிருப்பார் என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் நீங்கள் தங்கும் பல மாடிக் கட்டடம் பெரும்பாலும் ஹோட்டலாகவே கட்டப்பட்டது. ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதி அப்படியல்ல. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 109 ஹெக்டேர். அதற்குள் 1,700க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள். அங்கே 18 மீட்டருக்கு மேல் புதுக் கட்டடம் எழும்பக்கூடாது என்பது விதி. பட்டியலில் இடம் கிடைத்த வேகத்திலேயே, அந்த உயரத்தைத் தாண்டத் திட்டமிட்டிருந்த நான்கு ஹோட்டல் திட்டங்கள் பெரும் சர்ச்சையாகி, 2009இல் யுனெஸ்கோ குழுவொன்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

மேலே எழும்ப முடியாது. வெற்று நிலமும் அதிகம் இல்லை. ஆனால் சுற்றுப்பயணிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்படியானால் புதிய அறைகள் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே இருக்கிற கடைவீடுகளிலிருந்துதான் வரும். கீழே கடை, மேலே குடும்பம் என்று மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு, ஒரு நாள் எட்டு அறை கொண்ட விடுதியாகிறது. நீங்கள் படுத்துறங்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒரு பாட்டியின் தையல் இயந்திரமோ சாமிப் படமோ இருந்திருக்கலாம்.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் யுனெஸ்கோவுக்கு முந்தியது. வரலாற்றுப் பாடத்தில் இது அதிகம் வருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு வீட்டுக்காரர் தன் விருப்பம்போல் வாடகையை ஏற்ற முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அதனால்தான் ஜார்ஜ்டவுனின் நடுவிலேயே தச்சர், பூத்தொடுப்பவர், துறைமுகத் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் குறைந்த வாடகையில் வாழ முடிந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சொற்ப வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் கூரை ஒழுகினாலும் மாற்ற மாட்டார். கட்டடங்கள் நலிந்தன. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அவகாசம் முடிந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லை.

வாடகை ஒரே தாவாகத் தாவியது. பல குடும்பங்கள் அடுக்குமாடிகளைத் தேடிப் புறநகருக்குப் போயின. காலியான வீடுகள் சிலவற்றில் பறவைகள் குடியேறின. இது கற்பனையல்ல. பறவைக்கூட்டு வணிகத்துக்காகச் சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓட்டி, கடைவீடுகளையே உழவாரன் குருவிப் பண்ணைகளாக்கினார்கள். 2013 முடிவதற்குள் மரபுடைமைப் பகுதியைவிட்டு வெளியேற வேண்டும் என்று மாநில அரசு அவற்றுக்குக் கெடு விதித்தது. மனிதர் போய், குருவி வந்து, குருவியும் போய், இப்போது நாம் வருகிறோம், இழுவைப் பெட்டியோடு.

2009இல் மரபுடைமைப் பகுதியில் குடியிருந்தோர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அடுத்த நான்கே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையில் பல நூறு பேர் குறைந்தனர். அதே காலத்தில் தங்கும் விடுதிகள் பெருகின. உயிரோட்டமுள்ள பன்முகப் பண்பாட்டுக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஊரில், அந்தப் பண்பாட்டைச் சுமந்தவர்களே குறைகிறார்கள் என்பது கசப்பான முரண்.

இந்த இடத்தில் ஹோட்டலே வேண்டாம் என்று யாராவது முழங்கினால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். ஜார்ஜ்டவுன் பிறந்த நாளிலிருந்தே வந்துபோகிறவர்களைத் தங்கவைத்துப் பிழைத்த ஊர். அந்தக் காலத்தில் மக்கா செல்ல வட்டாரமெங்கும் இருந்து வந்த ஹஜ் பயணிகள் கப்பலுக்காகக் காத்திருந்து தங்கிய இடம் அச்சே தெரு. வட்டித் தொழிலுக்கு வந்த நகரத்தார் வணிகமும் வாசமும் ஒன்றாக நடத்திய கிட்டங்கிகள் பினாங்குத் தெருவில் இருந்தன. அங்கே ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்கு மேசை, இவைதான் ஒருவருக்குரிய இடம். ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திறங்கிய நம் முன்னோர் பலர் முதல் இரவைக் கழித்தது உறவினரின் அல்லது ஊர்க்காரரின் கடைமாடியில். வசதி படைத்தவர்களுக்கு, ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் இருந்தது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலும் இரண்டாண்டு கழித்து அதே சகோதரர்கள் திறந்ததுதான்.

அன்றைய தங்குமிடங்கள் தெருவோடு ஒட்டியிருந்தன. கிட்டங்கிக்குக் கீழே கடை, பக்கத்தில் கோயில், எதிரே சாப்பாட்டுக்கடை, எல்லாவற்றிலும் அங்கேயே வாழ்கிற மனிதர்கள். விருந்தினர் வந்தது அந்த மனிதர்களை நம்பி. தெருவில் விருந்தினர் மட்டுமே எஞ்சினால், கதவைத் திறந்தவுடன் இன்னொரு விருந்தினரைத்தான் பார்ப்போம்.

நல்ல விடுதிகள் கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸீயின் நீல மாளிகை பாழடைந்து கிடந்தது. 1989இல் மரபுடைமை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் சீரமைத்தார்கள். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. இன்று அதில் விருந்தினர் தங்குகிறார்கள். அந்த வருமானம் இல்லாமல் அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிப்பது எளிதல்ல. காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகள் சில தங்கும் விடுதிகளாக மீண்டதும் இதே கணக்குத்தான்.

ஆகவே ஹோட்டல்களையெல்லாம் ஒரே தட்டில் வைக்காமல் எந்த வகை ஹோட்டல் என்று கேட்கவேண்டும். என் கண்டிப்பெல்லாம், உரிமம் இல்லாமல், குடியிருப்பு வீட்டையோ அடுக்குமாடி வீட்டையோ இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்கள்மீது. இவைதான் செயலிகளில் மலிவாகத் தெரிகின்றன. மலிவுக்குக் காரணம் உண்டு. முறையான விடுதி நடத்துபவர் மாநகர் மன்ற உரிமத்துக்கும், தீயணைப்பு ஏற்பாடுகளுக்கும், வணிகக் கட்டணத்தில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் செலவு செய்கிறார். மற்றவர் எதுவும் செய்வதில்லை. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புது முகங்கள், நடுநிசியில் பெட்டிகளின் சக்கரச் சத்தம், மின்தூக்கிக்குக் காத்திருப்பு. உங்களில் பலர் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். எதிர்வீடு நிரந்தரமாக இப்படி ஆனால் எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்காகவே 2023இல் பினாங்கு மாநிலம் குறுகியகால வாடகைக்கு விதிமுறைகளை அறிவித்தது. குடியிருப்பு நிலப்பட்டா கொண்ட கட்டடங்களில் அனுமதி இல்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்ற வணிகப் பட்டா உள்ளவற்றில் மட்டும், அங்குள்ள உரிமையாளர்களின் சம்மதத்தோடும் மாநகர் மன்றப் பதிவோடும் நடத்தலாம். பினாங்கு மட்டும் இப்படிச் சிந்திக்கவில்லை. பார்சிலோனா நகர மேயர் 2024இல், சுற்றுப்பயணிகளுக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் உரிமங்களை 2028க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த ஊர் இளைஞர்களுக்கே வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பதுதான் அங்கே எழுந்த குரல். நம் வட்டாரத்தில் லாவோஸின் பழைய அரச தலைநகரான லுவாங் பிரபாங், 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கும் நகர நடுவிலிருந்த குடும்பங்கள் வீடுகளை விடுதி நடத்துவோரிடம் விட்டுவிட்டு வெளியே குடிபோயின. விடியலில் பிட்சை கேட்டு வரும் புத்த பிக்குகளுக்குச் சோறிட வாசலில் நிற்கும் உள்ளூர்க்காரர்கள் குறைந்து, படமெடுக்கும் பயணிகள் கூடினார்கள்.

"மாணவனிடம் ஏது பணம்? மலிவைத்தான் பார்ப்பான்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான வாதம்தான். ஆனால் மலிவும் முறையானதும் எதிரெதிர் அல்ல. சூலியா தெருவும் லவ் லேனும் முதுகுப்பைப் பயணிகளுக்குப் பல காலமாகப் படுக்கை கொடுத்து வந்தவை. பலர் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு கட்டில் மட்டும் எடுக்கும் வசதி, உரிமம் பெற்ற விடுதிகளிலேயே கிடைக்கிறது. நால்வராகப் போனால், மரபுடைமைப் பகுதிக்குச் சற்று வெளியே உள்ள சாதாரண ஹோட்டலில் குடும்ப அறை எடுத்துப் பகிர்ந்தால் கணக்கு இன்னும் குறையும். கொம்தாரையும் படகுத்துறையையும் இணைத்து நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது. பத்து நிமிட நடை தூரம் அதிகமானால் குடிமுழுகிவிடாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 18 வயது ஆகாதவர்களைப் பெரியவர் துணையின்றிப் பல விடுதிகள் ஏற்பதில்லை. படிவம் 5 மாணவர்கள் அக்காவையோ அண்ணனையோ அழைத்துப் போவது நல்லது. அவர்கள் பணம் கொடுப்பார்கள் என்ற கூடுதல் நன்மையும் உண்டு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் விடுதியின் பெயரை வரைபடத்தில் தேடுங்கள். செயலியில் வீட்டுப் பெயர் இருந்து, தெருவில் பெயர்ப்பலகை இல்லை, வரவேற்பு மேசை இல்லை, சாவியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பாதுகாவலர் கேட்டால் "உறவினர் வீடு" என்று சொல்லுங்கள் என்கிறார்கள் என்றால் சந்தேகப்படலாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது நட்சத்திரம். இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் வழங்குவது சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு. நட்சத்திரத் தகுதிக்குள் வராத சிறிய தங்குமிடங்களுக்கு ஆர்க்கிட் என்ற தனித் தரமும் வைத்திருக்கிறார்கள். செயலியில் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் நட்சத்திரம் எப்போதும் அதுவாக இருக்காது. பத்துக்கு இவ்வளவு என்று தரும் மதிப்பெண் தங்கியவர்கள் இட்டது. அதற்கும் அமைச்சுக்கும் தொடர்பில்லை. மதிப்பெண்ணைவிட, குறை சொன்ன பத்துப் பேரின் வரிகளைப் படிப்பது பயனுள்ளது. ஒரே குறையை மூவர் சொன்னால் அது உண்மை.

பழைய கடைவீட்டின் உடற்கூறு தெரிந்தால் மற்ற கேள்விகள் தாமாகவே வரும். கடைவீடு முகப்பில் குறுகியது, பின்னோக்கி நீண்டது. இருபக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. ஆகவே முன்னும் பின்னும் தவிர சன்னலுக்கு இடமில்லை. நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு திறந்த முற்றம் விட்டிருப்பார்கள். அந்த வீட்டை எட்டு அறையாகப் பிரித்தால் நடுவிலுள்ள அறைகளுக்குச் சன்னல் இருக்காது, அல்லது முற்றத்தைப் பார்த்த சிறு திறப்பு மட்டும் இருக்கும். விலை குறைவாகத் தெரியும் அறை பெரும்பாலும் இதுதான். "இந்த அறைக்குச் சன்னல் உண்டா? எங்கே திறக்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள். தளமும் படியும் மரம், படிக்கட்டு செங்குத்து, மின்தூக்கி பெரும்பாலும் இராது. பாட்டியை அழைத்துப் போகிறீர்கள் என்றால் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள். மரத்தளம் என்பதால் தீ விஷயத்தில் கூச்சப்படவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் பின்பக்கம் வெளியேற வழி இருக்கிறதா, அது பூட்டிக் கிடக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள்.

சுவரையும் கவனியுங்கள். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புப் பூச்சுக்காகக் கட்டப்பட்டது. நிலத்தின் ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போகும். சிமெண்டு பூசிப் பளபளப்பான வண்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். சுண்ணாம்பிலேயே திருத்தி வைத்திருக்கும் விடுதிக்காரர் கட்டடத்தை மதிக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். கட்டடக்கலை படிக்கும் மாணவர்களுக்கு இது இலவசப் பாடமும்கூட.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்டுகிறார்கள். மலேசியக் குடிமக்களுக்கு அது கிடையாது. மைகார்டைக் காட்டினால் போதும். தவறிப்போய்க் கேட்டாலும் மரியாதையாக மறுக்கலாம். அதற்கு முன்பே, 2014இல், பினாங்கு தன் சொந்த ஹோட்டல் கட்டணத்தைத் தொடங்கியது. அப்போது மூன்று நட்சத்திரம் வரை 2 ரிங்கிட், அதற்கு மேல் 3 ரிங்கிட். இது நமக்கும் உண்டு. நகரின் தூய்மைக்கும் மேம்பாட்டுக்கும் போகும் காசு என்பதால் முணுமுணுக்காமல் கொடுக்கலாம் என்பேன். பதிவு செய்யாத வீட்டில் தங்கும்போது அந்தக் காசும் நகருக்குப் போவதில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லிட்டில் இந்தியா, நம் மூத்தவர்கள் கடைத்தெரு என்றே அழைக்கும் மார்க்கெட் தெரு, 1833இல் எழுந்த குயீன் தெரு மகாமாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் எல்லாமே மரபுடைமைப் பகுதிக்குள் இருப்பவை. அங்கே காலை ஆறரை மணிக்குப் பூமாலை கட்டுகிறவர், இட்லி அவிக்கிறவர், மாவரைக்கிறவர் எல்லாரும் பக்கத்திலேயே குடியிருக்க முடிகிற வரைதான் அது கடைத்தெரு. அவர்கள் ஒவ்வொரு நாளும் தொலைவிலிருந்து பேருந்தேறி வந்து வேலை பார்த்துவிட்டுப் போகும் இடமாகிவிட்டால், மிஞ்சுவது விளக்கலங்காரமும் பாட்டுச் சத்தமும். அந்தப் பகுதியில் தங்கினால் காலை உணவை விடுதியில் எடுக்காமல் தெருவில் சாப்பிடுங்கள். அஞ்சடியில் உட்கார்ந்து கதையடிக்கலாம், ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் மெதுவாக. மேல்மாடியில் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை தூங்குகிறது.

2012இல் ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த, மிதிவண்டியில் இரு குழந்தைகள் சிரிக்கும் சுவரோவியத்துக்கு முன் இன்றும் வரிசை நிற்கிறது. படமெடுக்க எல்லாரும் போகிறோம். தெருவில் உண்மையாகவே மிதிவண்டி ஓட்டும் குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். முந்தைய நாள் அதிகாலை பினாங்குத் தெரு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டால், தண்ணீர்மலை வரை பல சாலைகள் அடைபட்டிருக்கும், விடுதிகளும் நிரம்பியிருக்கும். அறை பதியும்போதே, அன்று வாகனம் விடுதி வாசல் வரை வருமா, எந்தத் தெருமுனையில் இறங்கி நடக்கவேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதி என்றால், ரதம் எத்தனை மணிக்கு அவர்கள் வாசலைக் கடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.